ஒரு பையன், அவனைப் போலவே இன்னொருவன்: ஏற்காட்டில் இரட்டை உருவத் திகில் குறும்படம் எடுக்க முழுமையான வழிகாட்டி

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய அந்த ஸ்டுடியோவிலிருந்துதான் 1940-ல் ‘உத்தமபுத்திரன்’ வந்தது. பி.யு. சின்னப்பா இரண்டு வேடம் போட்ட அந்தப் படத்தைத்தான் தமிழின் முதல் இரட்டை வேடப் படம் என்று சொல்வார்கள். ஃபிலிம் காலத்தில் லென்ஸின் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து ஒரு பக்கத்தை எடுப்பார்கள். பிறகு ஃபிலிமைப் பின்னால் சுற்றி, எடுத்த பாதியை மறைத்துக்கொண்டு மறுபக்கத்தை எடுப்பார்கள். இன்று அதே வேலையைக் கையில் இருக்கும் போனிலும் ஒரு சாதாரண கம்ப்யூட்டரிலும் செய்துவிடலாம். விதி மட்டும் அப்படியே இருக்கிறது: இரண்டு முறை எடுக்கும்போதும் கேமராவும் வெளிச்சமும் மயிரிழைகூட நகரக்கூடாது.

ஏற்காட்டில் இந்த மாதிரிப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் இடறுவது இங்கேதான். மூடுபனிக்காகத்தான் மலை ஏறுகிறார்கள். ஆனால் மூடுபனி ஒரு நிமிஷம் இருந்த மாதிரி மறு நிமிஷம் இருக்காது. முதல் டேக்கில் பின்னால் தெரிந்த சில்வர் ஓக் மரம், பையன் சட்டை மாற்றிக்கொண்டு வருவதற்குள் காணாமல் போயிருக்கும். இரண்டு பாதியையும் ஒட்டினால் நடுவில் கோடு போட்டது போலத் தெரியும். அதனால் முழுத் திட்டத்தையும் ஒரே முடிவின் மேல் கட்டுங்கள்: இரண்டு முகமும் ஒரே பிரேமில் வரும் ஷாட்டுகள் எல்லாம் சேலத்தில், நான்கு சுவருக்குள். மலையில் எடுப்பது ஒருவன் மட்டும் தெரியும் ஷாட்டுகளும், டூப்பை வைத்து எடுக்கும் ஷாட்டுகளும்தான். 20 நிமிடப் படத்துக்குச் சேலம் வீட்டில் 3 நாள், மலையில் 2 நாள் என்று பிரித்தால் நெருக்கடி இல்லாமல் முடியும்.

முதல் படி: மற்றவனுக்குச் சட்டம் போடுங்கள்

கதையை இப்படி வைத்துக்கொள்வோம். சேலத்தில் பிளஸ் ஒன் படிக்கும் பையன், அரைப்பரீட்சை விடுமுறைக்கு ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை ஒட்டி இருக்கும் அம்மாயி (அம்மாவின் அம்மா) வீட்டுக்கு வருகிறான். அங்கே அவனைப் போலவே இன்னொருவன் நடமாடுகிறான். திரைக்கதையின் முதல் வரியை எழுதும் முன் மூன்று கேள்விக்குப் பதில் எழுதி வையுங்கள். மற்றவனை யாரெல்லாம் பார்க்க முடியும்? அவனால் எதைச் செய்ய முடியாது? அவனுக்கு என்ன வேண்டும்? இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாத படங்கள்தான் பாதியில் சோர்ந்து போகின்றன. எதையும் செய்யக்கூடிய பேய்க்கு யாரும் பயப்பட மாட்டார்கள்.

நம் ஊரிலேயே இதற்கு வேண்டிய நம்பிக்கைகள் கிடக்கின்றன. ராத்திரியில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்பிப் பார்க்க வேண்டும். இருட்டிய பிறகு கண்ணாடி பார்க்கக் கூடாது. உலகத்தில் ஒருவரைப் போல ஏழு பேர் இருப்பார்கள். தூக்கத்தில் நெஞ்சின் மேல் ஏறி உட்காரும் அமுக்குவான். இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து அதையே சட்டமாக்குங்கள். ‘மற்றவனால் இரண்டு முறைக்கு மேல் பேர் சொல்லிக் கூப்பிட முடியாது’ என்று வைத்தால், மூன்றாவது குரலுக்காகப் பார்க்கிறவர் தானாகவே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இந்த வழிகாட்டியில் நாம் எடுத்துக்கொள்ளும் சட்டம் கண்ணாடி. மற்றவன் பையனின் நகல் கிடையாது, கண்ணாடிப் பிம்பம். பையனுக்கு வகிடு இடது பக்கம் என்றால் அவனுக்கு வலது பக்கம். வாட்ச் வலது மணிக்கட்டில். சட்டைப் பை வலது நெஞ்சில். எல்லாவற்றுக்கும் மேலாக, அவன் இடதுகைக்காரன். தமிழ் வீட்டில் இதைவிட வலுவான அடையாளம் வேறு கிடையாது. அம்மாயி நீட்டும் திருநீற்றை ஒருவன் இடது கையில் வாங்கினால், எந்த ஸ்பெஷல் எஃபெக்டும் இல்லாமல் பார்க்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

மற்றவனின் முதல் வருகைக்கு அவனைக் காட்டவே வேண்டாம். பையன் சமையலறைக்கு வந்து காப்பி கேட்கிறான். “ஏன் சாமி, இப்பத்தானே குடிச்சுட்டுப் போன?” என்கிறாள் அம்மாயி. சமையல் மேடையில் ஒரு டம்ளர், ஈரம் காயாமல் இருக்கிறது. ஒரே ஷாட், ஒரே நடிகர். இதைப் போல மூன்று காட்சி எழுத முடிந்தால் படத்தின் முதல் பாதி செலவில்லாமல் முடிந்துவிடும்.

இரண்டாம் படி: ஷாட்டுகளை மூன்றாகப் பிரியுங்கள்

திரைக்கதை முடிந்ததும் மற்றவன் வரும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து எழுதுங்கள். ‘அ’ என்றால் இரண்டு முகமும் ஒரே பிரேமில். ‘ஆ’ என்றால் ஒருவன் முகம், மற்றவனின் முதுகோ தோளோ மட்டும். ‘இ’ என்றால் ஒருவன் மட்டும், பார்வை பிரேமுக்கு வெளியே.

மொத்தம் 40 ஷாட் வந்தால் ‘அ’ ஆறு, ‘ஆ’ பதினான்கு, ‘இ’ இருபது என்ற அளவுக்குள் நிறுத்துங்கள். ‘அ’ ஷாட் ஒன்றுக்கு உடை, முடி, மேக்கப் மாற்றம் சேர்த்து ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். ஒரு நாளில் மூன்றுக்கு மேல் எடுத்தால் மூன்றாவதில் எல்லோரும் களைத்து, ஏதாவது ஒன்று நகர்ந்திருக்கும். பார்க்கிறவரும் ‘அ’ ஷாட் வரும்போது முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஒட்டு எங்கே என்று தேட ஆரம்பிப்பார். ஆறில் இரண்டை முதல் அரை மணிக்குள் வரும் அதிர்ச்சிக்கும் நான்கைக் கடைசிக் காட்சிக்கும் வைப்பது நீளப் படத்தின் கணக்கு. 20 நிமிடப் படத்தில் ஒன்றை நடுவில் வைத்து ஐந்தைக் கடைசிக்குச் சேமியுங்கள்.

மூன்றாம் படி: பையனும் டூப்பும்

கதைக்குப் பதினாறு வயது என்பதற்காக நடிகருக்கும் பதினாறு வயது வேண்டியதில்லை. பதினெட்டு முடிந்த, பார்க்கச் சின்னவனாகத் தெரியும் ஒருவரைத் தேடுங்கள். காரணம் சட்டம். 14 வயதுக்குக் கீழ் என்றால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஒரே மூச்சில் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 14 முதல் 18 வரை உள்ளவர்களை இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை வேலை வாங்கக் கூடாது. ஏற்காட்டில் உங்களுக்கு வேண்டிய பனியும் இருட்டும் இருப்பதே அந்த நேரத்தில்தான். பதினாறு வயதுப் பையன்தான் வேண்டும் என்று உறுதியாக இருந்தால் இரவுக் காட்சிகளைப் பகலில் எடுக்கும் முறைக்கு மாறுங்கள். அதைப் பின்னால் சொல்கிறோம்.

டூப் தேடும்போது எல்லோரும் முகச்சாயல் பார்க்கிறார்கள். டூப்பின் முகம் படத்தில் வரவே போவதில்லை. பார்க்க வேண்டியது உயரம் (வித்தியாசம் 2 செ.மீ.க்குள்), தோள் அகலம், கழுத்தின் நீளம், காது மடலின் வடிவம், பிடரி முடி. உச்சந்தலைச் சுழியை மறக்காமல் பாருங்கள். பையனுக்கு ஒற்றைச் சுழி, டூப்புக்கு இரட்டைச் சுழி என்றால் தோளுக்குப் பின்னாலிருந்து எடுக்கும் ஒவ்வொரு ஷாட்டும் காட்டிக் கொடுத்துவிடும். இருவருக்கும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே ஆளிடம் முடி வெட்டுங்கள். படப்பிடிப்புக்கு நான்கு நாள் முன்பு வெட்டினால் புதுசாக வெட்டிய அடையாளம் போயிருக்கும்.

சட்டை நான்கு வேண்டும். ஒரே துணிச் சுருளிலிருந்து வெட்டித் தையல்காரரிடம் கொடுங்கள். கடையில் தனித்தனியாக வாங்கினால் சாயம் கொஞ்சம் மாறியிருக்கும். இரண்டு சட்டை வழக்கம் போல, பை இடது பக்கம். மற்ற இரண்டு தலைகீழ்: பை வலது பக்கம், பொத்தான் பட்டியும் மாறி. வழக்கச் சட்டை பையனுக்கு ஒன்று, பையனின் முதுகுக்கு நிற்கும்போது டூப்புக்கு ஒன்று. தலைகீழ்ச் சட்டையும் அதே போல. நான்கையும் ஒரே பக்கெட்டில், ஒரே எண்ணிக்கையில் துவைக்க வேண்டும். அழுத்தமான கட்டம் போட்ட துணியும் பொடிக்கோடு போட்ட துணியும் வேண்டாம். பொடிக்கோடு கேமராவில் அலையடிக்கும். கட்டம், தையல் மாறினால் உடனே தெரியும்.

நடிப்பில் ஒரு சின்னக் கணக்கு. மனிதர் சராசரியாக நிமிடத்துக்குப் பதினைந்து இருபது முறை இமைப்பார். மற்றவன் தெரியும் ஷாட்டில் 12 நொடி இமைக்காமல் இருக்கப் பழக்குங்கள், அதற்கு மேல் கண்ணில் நீர் வந்துவிடும். இன்னொன்று: பிம்பம் தாமதமாக அசைவதை எல்லோரும் பார்த்துப் பழகிவிட்டார்கள். முந்தி அசைய வையுங்கள். பையன் கையை எடுப்பதற்கு 6 பிரேம், அதாவது கால் நொடி முன்பே மற்றவனின் கை அசைந்தால், ஏன் பயமாக இருக்கிறது என்று சொல்லத் தெரியாமலே பயம் வரும்.

நான்காம் படி: சேலம் வீட்டில் ‘அ’ ஷாட்

இதுதான் முழு வேலையின் இதயம். அவசரமே கூடாது.

அறையைத் தேர்ந்தெடுக்கும்போது தரையை முதலில் பாருங்கள். சிமெண்ட், ரெட் ஆக்சைடு, மொசைக் நல்லது. பழைய பங்களாக்களின் மரத்தளம் நடக்கும்போது அமுங்கும். அதோடு டிரைபாடும் சாயும். நடுவில் தூணோ கதவுச் சட்டமோ பீரோவின் விளிம்போ செங்குத்தாக இருந்தால் அதையே வெட்டுக்கோடாக வையுங்கள். அந்தக் கோட்டை இரண்டு பேரும் தாண்டாதபடி தரையில் டேப் ஒட்டி, கோட்டுக்கு இரு பக்கமும் ஒரு சாண் விட்டு நிற்கச் சொல்லுங்கள்.

வேண்டியவை: டிரைபாட் ஒன்று, 5 கிலோ மணல் கட்டிய சாக்கு மூன்று, எல்இடி விளக்கு இரண்டு, 4-க்கு 3 அடி தெர்மாகோல் பலகை இரண்டு, ஜன்னலை மூடக் கறுப்புத் துணி 6 மீட்டர், தரைக் குறிக்குத் துணி டேப், ஒரு காதில் மாட்டும் இயர்போன். கடைசியாக ஓர் ஆள். அவர் வேலை கேமரா பக்கத்தில் உட்கார்ந்து யாரையும் நெருங்கவிடாமல் பார்ப்பது மட்டுமே. இந்த ஆளை வைக்காததால் வீணான ஷாட்டுகள் விளக்குப் பிரச்சினையால் வீணானவற்றைவிட அதிகம் இருக்கும்.

வரிசை இது. ஜன்னலைக் கறுப்புத் துணியால் முழுதாக மூடுங்கள். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. பையன் உடை மாற்றி வர 20 நிமிடம் ஆனால் 5 பாகை. தரையில் விழுந்த ஜன்னல் கம்பியின் நிழல் ஒரு கை அகலம் தள்ளிப் போயிருக்கும். ஃபேனை நிறுத்துங்கள், காலண்டர் ஆடாமல் பின்னால் டேப் ஒட்டுங்கள், சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள்.

டிரைபாடின் மூன்று காலிலும் மணல் சாக்கை வைத்துக் கட்டியபின் கேமராவை மேனுவலுக்கு மாற்றுங்கள். நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்த அளவில் விளக்கு மினுக்காது. ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்), வெள்ளைச் சமநிலை (நிறச் சாயல்), ஃபோகஸ் மூன்றையும் பூட்டுங்கள். ஃபோகஸ் இருவரும் நிற்கும் தூரத்தில், அபர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு) 5.6 என்றால் முன்னே பின்னே அரையடி நகர்ந்தாலும் தாங்கும். கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். லென்ஸிலோ சென்சாரிலோ இருக்கும் அந்த அமைப்பு, கேமரா அசையாத போதும் படத்தை நூலிழை நகர்த்தும். போனில் எடுப்பவர்கள் சாதாரண கேமரா ஆப்பை நம்ப வேண்டாம். வெளிச்சம் குறைந்தால் போன் தானாகவே வேறு லென்ஸுக்குத் தாவும். மேனுவல் ஆப்பில் முதன்மை லென்ஸைப் பூட்டி எடுங்கள். பல போன்கள் பிரேம் எண்ணிக்கையைத் தாமே கூட்டிக் குறைக்கும். எடிட்டிங்குக்கு முன் அதை நிலையான 25-க்கு மாற்றிக்கொள்ளாவிட்டால் இரண்டு பாதியும் போகப் போக விலகிவிடும்.

முதலில் யாருமில்லாத அறையை 15 நொடி எடுங்கள். அதுதான் பிளேட். எந்த ஓட்டை விழுந்தாலும் அதை வைத்து அடைக்கலாம்.

அடுத்து, காட்சியின் வேகத்தை யார் நடத்துகிறாரோ அவரை முதலில் எடுங்கள். பெரும்பாலும் அது மற்றவன். இந்த டேக்கில் பையன் நிற்க வேண்டிய இடத்தில் டூப் நிற்பார். அவர் மூன்று வேலை செய்கிறார். பார்வைக்கு ஒரு முகம் கொடுக்கிறார். வசனத்துக்குப் பதில் சொல்கிறார். தன் நிழலையும் உடம்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தையும் மற்றவன் மேல் விழ வைக்கிறார். பின்னால் டூப் இருக்கும் பாதி வெட்டிப் போய்விடும், நிழல் மட்டும் மிஞ்சும். இதைச் செய்யாத படங்களில் இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தும் வேறு வேறு போஸ்டரிலிருந்து வெட்டி ஒட்டியது போல இருப்பதற்குக் காரணம் அந்த நிழல் இல்லாததுதான். நிழல் வெட்டுக்கோட்டைத் தாண்டி நீளமாகக் கிடக்காமல் இருக்க, முதன்மை விளக்கைப் பக்கவாட்டில் வைக்காமல் முன்னால் உயரத்தில் வைத்து நிழலைப் பின்பக்கம் தள்ளுங்கள்.

நல்ல டேக் ஒன்று கிடைத்ததும் அங்கேயே முடிவு செய்து அதன் ஒலியைத் தனியாக எடுங்கள். பையன் உடை மாற்றி வந்ததும் கேமராவுக்குத் தெரியாத பக்கக் காதில் இயர்போன் மாட்டி அந்த ஒலியை ஓடவிடுங்கள். முன்னால் நான்கு தட்டல் சேர்த்துக்கொண்டால் எப்போது ஆரம்பம் என்று தெரியும். ப்ளூடூத்தில் சின்னத் தாமதம் இருக்கும். அது கடைசிவரை ஒரே அளவாக இருப்பதால் எடிட்டிங்கில் நகர்த்திச் சரிசெய்யலாம்.

இரண்டாவது பாதியும் முடிந்த உடனே, யாரும் எதையும் கலைக்கும் முன், லேப்டாப்பில் இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் காட்டும் ‘டிஃபரன்ஸ்’ முறையில் பாருங்கள். அசையாத பின்னணி கறுப்பாகிவிட வேண்டும். சுவரோரம், கதவு விளிம்பில் வெள்ளைக் கோடு மின்னினால் கேமரா நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போதே தெரிந்தால் மறுபடி எடுக்க ஒரு மணி நேரம். வீட்டுக்குப் போய்த் தெரிந்தால் ஒரு நாள்.

ஒருவன் மற்றவனைத் தொட வேண்டும் என்றால் கோட்டைத் தாண்டுவதைத் தவிர்க்க முடியாது. முழு உடம்பும் தெரியும் ஷாட்டில் தொடுவதற்கு முந்தைய கணம் வரை காட்டுங்கள். அங்கே வெட்டி, டூப்பின் கை தோளில் விழும் நெருக்கமான ஷாட்டுக்குப் போங்கள். நகத்தின் நீளமும் கையின் நிறமும் ஒத்திருந்தால் போதும்.

பீரோக் கண்ணாடி

ஏறக்குறைய எல்லா வீட்டிலும் கதவில் ஆள் உயரக் கண்ணாடி வைத்த இரும்பு பீரோ ஒன்று இருக்கும். இரட்டை உருவப் படத்துக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. கண்ணாடியின் சட்டமே வெட்டுக்கோடு. பையன் கண்ணாடி முன் நிற்பதை ஒரு முறை எடுங்கள். அதே இடத்தில் அதே குறியில் நின்று, பிம்பம் செய்ய வேண்டியதை இன்னொரு முறை எடுங்கள். இரண்டாவதிலிருந்து கண்ணாடிக்குள் இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி முதலாவதன் மேல் வைத்தால் முடிந்தது. இந்த ஷாட்டுக்கு இரண்டு முறையும் வழக்கச் சட்டைதான். தலைகீழாக்கும் வேலையைக் கண்ணாடியே செய்துவிடும். மறதியில் தலைகீழ்ச் சட்டை போட்டால் பை மறுபடி பழைய பக்கத்துக்கே வந்து கதையின் சட்டம் குழம்பும்.

கேமராவைக் கண்ணாடிக்கு 35 முதல் 45 பாகைச் சாய்வில் வையுங்கள். நேராக வைத்தால் கேமராவும் நீங்களும் உள்ளே தெரிவீர்கள். பையனின் தலையோ தோளோ கேமராவின் பார்வையில் கண்ணாடியை மறைக்காதபடி அவனைக் கொஞ்சம் பக்கமாக நிறுத்துங்கள். பீரோக் கதவு கீலில் தொங்குவது. மூச்சு விட்டாலும் ஆடும். கீழே மரச்சில்லு செருகி மேலே டேப் ஒட்டாமல் இந்த ஷாட்டை ஆரம்பிக்கவே வேண்டாம்.

ஐந்தாம் படி: மலையில்

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் கோயில் இருக்கும் மேடு 1,600 மீட்டருக்கும் மேல். சேலத்திலிருந்து ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறிய அன்றே படப்பிடிப்பு வைத்தால் பாதிப் பேர் தலைசுற்றலில் படுத்திருப்பார்கள். முந்தின நாள் மாலையே போய்ச் சேருங்கள். மூடுபனிக்கு நல்ல காலம் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வரும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. கோடை விழா நடக்கும் மே மாதமும் சனி, ஞாயிறும் வேண்டாம். ஏரியிலும், லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் போன்ற பார்வை முனைகளிலும் கூட்டம் இருக்கும், எந்தப் பக்கம் திரும்பினாலும் பிரேமில் ஒரு செல்ஃபி.

பார்வை முனைகளை விட்டுவிடுங்கள் என்பதே எங்கள் கருத்து. பயத்துக்குப் பள்ளத்தாக்கு உதவாது, கண்ணுக்கு எட்டும் தூரம் குறைய வேண்டும். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறி, கீழே இடுப்பளவு காப்பிச் செடி நிற்கும் தோட்டப் பாதைதான் இந்தப் படத்துக்கான இடம். மரங்கள் ஒரே மாதிரி, ஒரே இடைவெளியில் நிற்பதால் பையன் எந்தப் பக்கம் திரும்பினாலும் வந்த வழி போலவே இருக்கும். தோட்டக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை பழம் பறிப்பு நடக்கும். எந்தப் பகுதியில் ஆட்கள் இல்லை என்று கேட்டு அங்கே போங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது. புகைக்காகச் சாம்பிராணியோ சருகோ கொளுத்துவது எந்தத் தோட்டத்திலும் கூடாது.

காரின் ஏசியிலிருந்து கேமராவை எடுத்து வெளியே நீட்டினால் லென்ஸ் முழுக்க நீர் பூத்துவிடும். துடைக்கத் துடைக்க வரும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். மலை ஏறும்போதே ஏசியை அணைத்துவிடுவது இன்னும் நல்லது. பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் நான்கைந்து போடுங்கள்.

பனிக்கு முன்பக்கம் விளக்கடித்தால் வெள்ளைச் சுவர் எழும்பி ஆள் மறைந்துவிடுவான். விளக்கை அவனுக்குப் பின்னால், மரத்துக்கு மறைவாக வையுங்கள். பனி ஒளிரும், உருவம் கறுப்பாகத் தெரியும். உருவம் மட்டும் தெரிந்தால் டூப் போதும். இருபது அடி தூரத்தில் பனிக்குள் நிற்கும் டூப், முன்னால் பையனின் முகம். கம்ப்யூட்டர் தொடாமலே இருவரும் ஒரே பிரேமில். டூப்புக்குத் தலைகீழ்ச் சட்டையும் வலது மணிக்கட்டில் வாட்ச்சும் போட மறக்காதீர்கள். வாட்ச் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் ஒரு பொட்டு வெளிச்சம் போதும், இவன் எவன் என்று சொல்ல.

பனியில் மட்டும் கிடைக்கும் இன்னொரு வசதி: மற்றவனின் நெருக்கமான ஷாட்டுகளுக்குப் பையனையே வழக்கச் சட்டையோடு நிறுத்தி எடுத்து, எடிட்டிங்கில் இடம் வலமாகத் திருப்பிவிடலாம். எந்த முகமும் இரு பக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. திருப்பிய முகம் அதே ஆளாகவும் இருக்கும், வேறு ஆளாகவும் இருக்கும். பின்னால் பனி மட்டும் என்பதால் திருப்பியது தெரியாது. எழுத்துப் பலகையோ சட்டையில் ஸ்கூல் பேட்ஜோ பிரேமில் வந்தால் கெட்டது.

பகலில் இரவு

சூரியன் தெரியாத பனிநாளின் மதியத்தில் எடுங்கள். வெளிச்சத்தை 2 ஸ்டாப், அதாவது நான்கில் ஒரு பங்காகக் குறைத்து, வெள்ளைச் சமநிலையை 3200 கெல்வினில் வைத்தால் படம் நீலமாகும். வானம் பிரேமில் வரவே கூடாது. இரவில் வானம் மரத்தைவிட வெளிச்சமாக இருந்தால் ஏமாற்று தெரிந்துவிடும். பையன் கையில் டார்ச் கொடுத்தால் பகல் வெளிச்சத்தில் அது எடுபடாது. ஜன்னலில் மஞ்சள் விளக்கு எரியும் வீடு பின்னால் தெரிந்தால் மட்டும் நம்புவார்கள்.

ஜன்னல் வித்தை

உண்மையான இரவில், பதினெட்டு வயது நடிகரோடு, ஒரு ஷாட் மட்டும் எடுக்க முடியும் என்றால் இதை எடுங்கள். லண்டனில் 1862-ல் ஜான் ஹென்றி பெப்பர் மேடையில் ஆவியைக் காட்டிய அதே கண்ணாடித் தத்துவம்தான்.

கம்பி இல்லாத கண்ணாடி ஜன்னலோ கண்ணாடிக் கதவோ வேண்டும். பையன் உள்ளே கண்ணாடியிலிருந்து 60 செ.மீ. தள்ளி நிற்கிறான். டூப் வெளியே, அதே 60 செ.மீ. தள்ளி, அவனுக்கு நேர் எதிரே, தலைகீழ்ச் சட்டையில். பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால் அதே தூரத்தில்தான் விழும் என்பதால் பையனின் பிம்பமும் டூப்பின் உடம்பும் ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருந்தும். கேமராவை எந்தக் கோணத்தில் வைத்தாலும் பொருந்தும். உள்ளே ஒரு விளக்கு, வெளியே ஒரு விளக்கு, இரண்டுக்கும் டிம்மர். முதலில் உள்விளக்கு மட்டும்: ஜன்னலில் பையனின் பிம்பம். 8 நொடியில் உள்விளக்கைக் குறைத்துக்கொண்டே வெளிவிளக்கை ஏற்றுங்கள். பிம்பம் மெல்ல நிஜ உடம்பாகும். வெளிவிளக்கை டூப்பின் தோளுக்குக் கீழே மட்டும் விழும்படி அட்டையால் வெட்டினால் முகம் இருட்டில் தங்கும். பையன் ஓர் அடி பின்னால் வைக்கிறான். கண்ணாடியில் இருப்பவன் அசையவில்லை.

கெடுப்பவை மூன்று. கண்ணாடியில் அழுக்கும் கைரேகையும் இருந்தால் வெளிவிளக்கு ஏறியதும் புள்ளி புள்ளியாக எரியும். செய்தித்தாளும் வினிகரும் வைத்து இரு பக்கமும் துடையுங்கள். தடித்த கண்ணாடியில் முன்பரப்பும் பின்பரப்பும் தனித்தனியே பிம்பம் தருவதால் விளிம்பு இரட்டிக்கும், 3 மி.மீ. பழைய கண்ணாடியே நல்லது. வெளியே பனி தடித்தால் விளக்கொளி பனியில் சிதறி டூப்பைச் சுற்றி வட்டம் போடும். அன்று இந்த ஷாட்டை ஒத்திவையுங்கள்.

ஆறாம் படி: ஒலியும் ஒட்டும்

அந்தி மயங்கும்போது சில்வண்டுகள் கத்த ஆரம்பித்தால் அந்த இரைச்சல் வசனத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிரிக்க முடியாது. மலையில் எடுத்த வசனங்களை அன்றிரவே அறைக்குள், கம்பளி போர்த்தி, ஒவ்வொன்றையும் மூன்று முறை பேச வைத்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாத ஒரு நிமிட ஒலி கட்டாயம். மற்றவனின் குரலை மைக்குக்கு நான்கு விரல் தூரத்தில், எதிரொலியே இல்லாமல் எடுங்கள். பெரிய அறையில் நிற்கும் ஒருவனின் குரல் காதோரம் கேட்பது போல இருந்தால், குரலைத் தடித்ததாக்க வேண்டிய தேவையே இல்லை. அவன் பேசும்போது மட்டும் சில்வண்டை நிறுத்திவிடுங்கள்.

எடிட்டிங்கில் வேலை வரிசை முக்கியம். முதலில் இரண்டு பாதியிலும் நாய்ஸை (இருண்ட இடங்களில் மினுங்கும் புள்ளிகளை) குறையுங்கள். பிறகு பொருத்துங்கள். வெட்டுக்கோடு தூணிலோ சட்டத்திலோ விழுந்தால் விளிம்பைக் கூர்மையாக விடலாம். வெறும் சுவரில் விழுந்தால் 20 முதல் 40 பிக்ஸல் மென்மை கொடுங்கள். நிறத்தை இரண்டையும் சேர்த்தபின் ஒன்றாகச் செய்யுங்கள், தனித்தனியாகச் செய்யவே வேண்டாம். கடைசியாக முழுப் படத்தின் மேலும் ஒரே கிரெய்ன் (ஃபிலிமில் தெரிவது போன்ற பொடிப்புள்ளி). 4கே-யில் எடுத்து 1080-ல் முடித்தால், ஒட்டிய பிறகு ஷாட்டை மெல்ல உள்ளே நகர்த்த இடமிருக்கும். பூட்டிய கேமராவின் விறைப்பு அந்த நகர்வில் போய்விடும். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே வெட்டி ஒட்டுவதையும் நிறத்தையும் செய்யலாம். அதன் நாய்ஸ் குறைக்கும் கருவி கட்டணப் பதிப்பில்தான் இருக்கிறது.

முடித்த படத்தைக் கதை தெரியாத மூன்று பேருக்கு, முதலில் ஒலியை அணைத்து, ‘அ’ ஷாட்டுகளை மட்டும் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் கண் எங்கே போகிறது என்று பாருங்கள், கருத்துக் கேட்க வேண்டாம். இரண்டு முகத்துக்கும் நடுவில் வெறும் சுவரில் கண் நிற்கிறது என்றால் ஒட்டு தெரிகிறது. அந்த ஷாட்டை ‘ஆ’ வகைக்கு மாற்றுங்கள். அடுத்து ஒலியோடு முழுப் படத்தையும் போடுங்கள். திருநீறு காட்சி வரும்போது யாராவது தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டால், அந்தக் காட்சியில் ஒரு பிரேமைக்கூடத் தொடாதீர்கள்.